அடுப்புக்குள் பெய்த மழை

மூன்று வருடங்களுக்கு முந்திய ஐப்பசி மாதம். ரொறன்ரோவுக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில்லில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்த நாளில் நடந்தது இது. இன்றைக்கும் எங்கள் சொந்தக்காரர் எந்த விசேஷத்தில் கூடினாலும் யாராவது ஒருவர் இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதில் தீயணைப்பு வண்டியே வந்துவிடுகிறது. அதனால் அடுப்பின் சொந்தக்காரியான நானே ஒருமுறை உள்ளதை உள்ளபடி எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

ஸ்ரௌவ்வில் பக்கம் எங்கள் ஆட்கள் வாங்குவதெல்லாம் புது வீடு. நாங்கள் வாங்கியது அந்தப் புது வீட்டு வரிசைகள் முடிந்து சோளத் தோட்டம் தொடங்குகிற இடத்தில் நின்ற பழைய வீடு. என் கணவருக்கு அதில் துளியும் விருப்பமில்லை. படி சத்தம் போடுகிறது, ஜன்னல் பழசு, கராஜ் சின்னது என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வீடு பார்க்கப் போன அன்றே ஹோலில் நின்ற விறகு அடுப்பைக் கண்டுவிட்டேன். கறுப்பு இரும்பு, குட்டைக் கால்கள் நான்கு, முன்னால் கண்ணாடிக் கதவு. அதன் முதுகிலிருந்து புகைக்கூட்டுக் குழாய் கூரையைத் தாண்டி மேலே போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனை அறை இருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

ஒரு அடுப்பில் என்ன அவ்வளவு ஆசை என்று கேட்பீர்கள். இந்த நாட்டுக்கு வந்த காலந்தொட்டு நான் இறைச்சி பொதிசெய்யும் இடமொன்றின் குளிர் அறையில் வேலை செய்தவள். வெளியில் கோடை கொளுத்தும்போதும் நான் உள்ளே இரண்டு சுவெற்றரும் கையுறையுமாக நிற்பேன். வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரில் எவ்வளவு நேரம் கையைப் பிடித்தாலும் விரல் நுனியில் கொஞ்சம் குளிர் மிச்சம் இருக்கும். வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டில் ஹீற்றர் சுடுவதும் சுடாததும் கட்டடக்காரரின் மனத்தைப் பொறுத்தது. என் வீட்டில், என் கையால் மூட்டி, எனக்கு வேண்டிய அளவுக்கு எரிகிற ஒரு நெருப்பு எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் நான் என் கணவரிடம் அடம்பிடித்துக் கேட்டதில்லை. அதனால் அவரும் கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

வீட்டுத் திறப்பு கைக்கு வந்த கிழமையே மழை பிடித்தது. மழை என்றால் சும்மா மழை இல்லை, பேய்க்காற்றோடு விடாமல் கொட்டியது. குடிபுக நாள் பார்த்தாயிற்று, ஆனால் அதுவரை வெக்ஸ்போர்ட்டில்தான் இருந்தோம். வேலை முடிந்து வந்து கூட்டித் துடைத்துவிட்டுப் போவோம். மழை ஓய்ந்த பின்னேரம் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே டொக், டொக் என்று சத்தம். அடுப்புக்கு முன்னால் தரையில் கறுப்பாக ஏதோ வழிந்திருந்தது. நான் ஒன்றும் யோசிக்காமல் அடுப்பின் கதவை இழுத்துத் திறந்தேன். சாம்பலும் துருவும் மழைத்தண்ணீரும் சேர்ந்த கஞ்சி அப்படியே என் இரண்டு காலிலும் ஊற்றியது.

என் கணவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“பழைய வீடு வேண்டாம் எண்டு தலைகீழா நிண்டன், கேட்டீரே? இப்ப பாரும், உம்மட அடுப்பு கிணறாப் போச்சு.”

அவர் வெளியே போய்ப் பின்பக்கம் சேற்றில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். புகைக்கூட்டின் உச்சியில் மழை விழாமல் இருப்பதற்கு ஒரு தகர மூடி இருக்கும். அதைக் காற்று கொண்டுபோய்விட்டிருந்தது. புகைக்கூடு திருத்துகிறவர்களைத் தேடித் தேடி அழைத்தோம். குளிர் தொடங்குகிற காலம் அல்லவா, எல்லாரும் அடுத்த மாதம் என்றார்கள். அப்படியென்றால் இதைக் கழற்றி வீசிவிட்டு, நெருப்பு எரிவதுபோல் படம் காட்டுகிற மின்சார அடுப்பு ஒன்றை வைப்போம் என்றார் அவர். படத்தில் எரிகிற நெருப்பு! எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவரும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

“சரி, குடிபூரல் அண்டைக்கு உதில பால் பொங்கினால் அடுப்பு இருக்கட்டும். பொங்காட்டி அடுத்த கிழமை கழட்டி வெளியில போடுவம்.”

புது வீட்டுக்குக் குடிபுகும்போது முதலில் பால் காய்ச்சி, அது பொங்கி வழிய விடுவது எங்கள் வழக்கம். இங்கே எல்லாரும் அதைக் குசினியின் மின்சார அடுப்பிலேயே முடித்துக்கொள்கிறார்கள். நான் விறகு அடுப்பில் பொங்கவைப்பதென்று அந்த நிமிடமே முடிவெடுத்துவிட்டேன்.

என் தம்பி லொறி ஓட்டுகிறவன். கூரை, மரம், ஏணி எதற்கும் பயப்படாதவன். அவனிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்து ஒருக்கால் பார்க்கச் சொன்னோம். அடுத்த நாளே அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தான்.

“அத்தான், நான் சரிப்பண்ணிப் போட்டன். இனி ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது.”

சொல்லிவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு வின்னிப்பெக் போய்விட்டான். புது மூடி வாங்கிப் போட்டுவிட்டான் என்று நாங்கள் நிம்மதியானோம். ஏறிப் பார்க்கவில்லை. புகைக்கூடு கூரையின் பின்சரிவில் இருக்கிறது, முன்வாசலால் போய் வருகிறவர்களுக்குத் தெரியாது. பின்வளவு முழங்கால் புதைகிற சேறு. அதோடு தம்பி சொன்னதில் பொய்யும் இல்லை. அந்தக் கிழமை இன்னொரு மழை பெய்தது, அடுப்புக்குள் ஒரு துளி விழவில்லை.

நான் அடுப்போடு மல்லுக்கட்டத் தொடங்கினேன். அகப்பையால் சாம்பல் சேற்றை அள்ளி, பழைய பேப்பரால் ஒற்றி, கம்பிநாரால் துருவைத் தேய்த்து, மகளின் தலைமயிர் காயவைக்கும் மெஷினை எடுத்து உள்ளே பிடித்தேன். நனைந்த சாம்பல் கையை அரிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அரிப்பும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் எங்கள் கவலையாகிப் போனார். என் வயதுதான் இருக்கும், ஒரு நாயோடு தனியாக இருக்கிறார். நாங்கள் போகும்போதெல்லாம் வேலி ஓரம் நின்று எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் போனை உயர்த்திப் படமும் எடுத்தார். இன்னொரு நாள் கையில் ஒரு பெரிய பையோடு எங்கள் வாசல்வரைக்கும் வந்தார், வீட்டின் பக்கவாட்டால் எட்டி மேலே பார்த்தார், அப்படியே திரும்பிப் போய்விட்டார். எங்களை வேவு பார்க்கிறார் என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தத் தெருவில் நாங்கள்தான் முதல் தமிழ்க் குடும்பம். குடிபுகும் நாளில் தெரு நிறைய வரப்போகிற கார்களுக்கு அவர் என்ன சொல்வாரோ என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. தெருவின் இரண்டு பக்கமும் கார். வீடு நிறையப் பட்டுச் சேலை. என் அக்கா கடலை அவிக்கப் பெரிய பானையைத் தேடி, கராஜில் வைத்தது எங்கே என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தார். ஐயர் வருவதற்கு முன்னால் என் கணவரின் அண்ணை செய்யவேண்டியதைச் செய்துவிட்டார். அது என்னவென்று இங்கே இருக்கிற எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதிரையைப் போட்டு ஏறி, கூரையில் இருந்த புகை அலாரத்தைக் கழற்றி, மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். சாம்பிராணிக்கும் ஓமத்துக்கும் அது கத்தத் தொடங்கினால் மந்திரம் கேட்காது அல்லவா. எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இதற்கென்று ஒருவர் இருக்கிறார், யாரும் கேட்காமலே செய்துவிடுவார்.

பூசை முடிந்தது. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டினார். நான் கற்பூரம் வைத்துச் சுள்ளியை மூட்டினேன். பற்றிக்கொண்டது. பெரிய விறகு வைத்தேன், அதுவும் பற்றியது. கண்ணாடிக்குள் மஞ்சளாக நெருப்பு எழும்பியபோது என் கண் நிறைந்துவிட்டது. பால் சட்டியை அடுப்பின் மேலே தூக்கி வைத்தேன். என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் கதவு இடுக்கால் புகை வந்தது. பிறகு குழாயின் மூட்டுகளால் வந்தது. பிறகு எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் வந்தது. வேறு ஆட்களாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் அசையவில்லை. விசேஷ வீட்டில் புகை என்றால் எங்களுக்கு அது மங்களம்.

“உது ஈரவிறகு பிள்ளை, கொஞ்சம் பொறு, பிடிச்சிடும்” என்றார் ஒரு அன்ரி.

“ஓமப் புகை மாதிரிக் கிடக்கு. கண்ணூறு எல்லாம் போகட்டும்” என்றார் இன்னொரு அன்ரி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

எனக்குத் தலை கனத்தது. பாலில் ஆடைகூடக் கட்டவில்லை. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. அது புகைக்கா, அடுப்பு கைவிட்டுப் போகிறதே என்பதற்கா என்று எனக்கே தெரியவில்லை. அலாரம் என்ற ஒன்று லாச்சிக்குள் கிடப்பது யாருக்கும் நினைவில் இல்லை.

அப்போதுதான் முன்கதவை யாரோ இரண்டு கையாலும் அடிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெண். கார் விஷயம்தான் என்று ஹோல் முழுக்க ஒரே குரலில் சொன்னது. என் கணவர் மகளைக் கூப்பிட்டு, அரை மணித்தியாலத்தில் எல்லாக் காரையும் எடுத்துவிடுவோம், மன்னிக்கவேண்டும் என்று சொல்லச் சொல்லி அனுப்பினார். மகள் பாவம், கதவைத் திறந்து மன்னிப்பை ஆரம்பித்திருக்கிறாள். அந்தப் பெண் அவளைக் கையில் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, உள்ளே வந்து, எல்லாரும் வெளியே போங்கள் என்று போட்டார் ஒரு சத்தம். ஐயர் உட்பட அத்தனை பேரும் எழுந்துவிட்டோம்.

ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார். அவர் வீட்டிலும் இதே மாதிரி அடுப்பு இருக்கிறதாம். அடுப்புக்கு முன்னால் முழங்காலை ஊன்றி இருந்து, அதன் பிடி ஒன்றை இழுத்து, உள்ளே காற்றுப் போகிற வழியை அடைத்து நெருப்பை அடக்கினார். பிறகு என்னையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கூரையின் பின்பக்கத்தைக் காட்டினார். அத்தனை பேரும் பட்டும் வேட்டியுமாகச் சேற்றில் இறங்கிப் பின்வளவில் நின்று அண்ணாந்து பார்த்தோம்.

புகைக்கூட்டின் உச்சியில் ஒரு பெரிய அலுமினியப் பானை கவிழ்ந்திருந்தது. அதன் கழுத்தில், காற்றுக்குப் பறக்காமல் இறுக்கிச் சுற்றி, சரிகைக் கரை போட்ட சிவப்புச் சேலை ஒன்று கட்டியிருந்தது. முந்தானை காற்றில் அழகாக ஆடிக்கொண்டிருந்தது.

“அம்மா, அது எங்கட பொட்! அது உங்கட சாறி!” என்று மகள் கத்தினாள்.

பானை, அக்கா காலையிலிருந்து தேடிய பானை. சேலை, யாருக்காவது கொடுக்கலாம் என்று நான் கராஜில் போட்டுவைத்தது. அந்த நேரம் பார்த்து என் தம்பி காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். தன்னை வரவேற்கத்தான் எல்லாரும் வெளியே நிற்கிறோம் என்று நினைத்து, வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தான். எங்கள் முகங்களைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

“ஐயோ அக்கா, உதுக்குள்ள ஆர் நெருப்பு மூட்டச் சொன்னது? எல்லாரும் குசினியிலதானே பால் காய்ச்சிறவை! மழைக்கு மூடினன், கயிறு கிடைக்கேல்லை, சேலையால கட்டினன்!”

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. ஐயர் என்றுதான் என் சந்தேகம். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. கண் சிவந்து, இருமி இருமி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் சிரிக்காமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். மெல்ல மகளிடம் கேட்டார், அப்படியென்றால் அது உங்கள் சடங்கு இல்லையா என்று.

அப்புறம்தான் முழுக்கதையும் வெளியே வந்தது. காற்றடித்த அன்று எங்கள் புகைக்கூட்டு மூடி அவர் தோட்டத்தில் போய் விழுந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்க எடுத்துவைத்திருக்கிறார். அதற்கிடையில் ஒருநாள் தன் தோட்டத்திலிருந்து பார்த்தால் எங்கள் கூரையில் பளபளக்கும் பானையும் சிவப்புத் துணியும். புது வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ ஆசீர்வாதம் வைத்திருக்கிறார்கள், அதை எடுத்துவிட்டு இந்தப் பழைய தகரத்தைப் போடுங்கள் என்று எப்படிச் சொல்வது என்று தயங்கியிருக்கிறார். பையில் மூடியோடு எங்கள் வாசல்வரை வந்தது அதற்குத்தான். மேலே பார்த்ததும் மனம் வரவில்லையாம். படம் எடுத்தது, தூரத்திலிருக்கும் மகளுக்கு அனுப்பத்தானாம், பார், எங்கள் பக்கத்துக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு உடுப்பு உடுத்தியிருக்கிறார்கள் என்று. அன்று காலையும் வாகனங்கள் வருவதைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். புகை புகைக்கூட்டால் போகாமல் ஜன்னல் இடுக்குகளால் போவதைக் கண்டதும் ஓடி வந்துவிட்டார். மணமும் நிறமும் இல்லாத ஒரு வாயு அந்தப் புகையோடு சேர்ந்து வரும், இன்னும் கொஞ்சநேரம் உள்ளே இருந்திருந்தால் சிரிக்க ஆள் இருந்திருக்காது என்று அவர் சொன்னபோது அன்ரிமார் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து எண்ணத் தொடங்கினார்கள்.

அவர் வீட்டு ஏணி வந்தது, மூடியும் வந்தது. தம்பி ஏறப் போனான். என் கணவர் அவனைத் தடுத்தார்.

“மச்சான், உன்னை ஒருக்கா ஏத்தினது காணும், இனிப் போதும்.”

சொல்லிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஏறினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்தேன். பானையைத் தூக்கியதும் அடங்கிக் கிடந்த புகை குப்பென்று அவர் முகத்தில் அடித்து மேலே போனது. இறங்கி வரும்போது மீசை எது முகம் எது என்று தெரியவில்லை. அந்த அடுப்பைக் கழற்றி வீசவேண்டும் என்று நின்ற மனிதர், மூடியை இரண்டுமுறை ஆட்டிப் பார்த்து இறுக்கிவிட்டு வந்தார். அதைப் பார்த்தபோது பால் பொங்காவிட்டாலும் பரவாயில்லை என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான்.

அண்ணை அலாரத்தை லாச்சியிலிருந்து எடுத்து, ஒருவரும் சொல்லாமலே திரும்ப மாட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் டோர்ச் அடித்துக் குழாயைப் பார்த்தார். முன்பு இருந்தவர்கள் வசந்தத்தில்தான் சுத்தம்செய்தார்கள், நானும் கூட நின்றேன், தாராளமாக மூட்டலாம் என்றார். நல்ல நேரம் எப்போதோ போய்விட்டது, எல்லாருக்கும் தெரியும். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், இன்னும் நேரம் இருக்கு என்றார். அவர் வாழ்க.

இந்தமுறை நெருப்பு சீறிக்கொண்டு எழும்பியது. புகை வந்த இடமே தெரியவில்லை. பால் முதலில் சும்மா இருந்தது, பிறகு ஓரத்தில் குமிழ் விட்டது, பிறகு ஒரே மூச்சில் மேலே வந்து சட்டி விளிம்பைத் தாண்டிச் சூடான இரும்பில் சர்ரென்று விழுந்தது. வீடு அதிரச் சத்தம் போட்டோம். எல்லாரையும்விடப் பெரிதாகக் கைதட்டியது பக்கத்து வீட்டுப் பெண். பால் கிழக்கே வழிந்ததா வடக்கே வழிந்ததா என்று அன்ரிமார் சண்டைபிடிக்கத் தொடங்கினார்கள். நான் கையுறை இல்லாத இரண்டு கையையும் அடுப்புக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அப்படியே இருந்தேன். சூடு விரல் நுனிவரை போனது.

“சரி, இருக்கட்டும்” என்றார் என் கணவர். அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது ஒவ்வொரு வருடமும் குளிருக்கு முன்னால் ஆள் வந்து புகைக்கூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார். அலாரத்தை யாரும் தொடுவதில்லை, அண்ணை கதிரையில் ஏறினாலே பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள். மழை பெய்தால் நான் அடுப்பைத் திறந்து கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுப் பெண் பனிக்காலப் பின்னேரங்களில் நாயோடு வந்து அடுப்படியில் உட்காருவார். பானைக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்பதில் அவருக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்களை மதித்து அவர் வாசலில் நின்று திரும்பிப் போனார். அவருக்குப் பயந்து நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். இடையில் அந்த மூடி அவர் வீட்டில் கிடந்தது, எங்கள் வீடு நிறைய ஆட்கள் புகையில் இருந்தோம். இத்தனை வருடம் இந்த நாட்டில் எத்தனை வாசல்களில் தட்டாமல் திரும்பியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். இப்போது தட்டிவிடுகிறேன், அநேகமாக உள்ளே ஒருவர், இவள் வரமாட்டாளா என்று கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்.